இரும்புக் கடையில் இரண்டு பெட்டிகள்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர். பழைய இரும்புக் கடையில் எல்லோரும் அவளை ஆணி என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு விஷயத்தில் இறங்கிவிட்டால் பிடுங்கி எடுப்பது கஷ்டம் என்று பாரம் தூக்கும் நெட்டையண்ணன் வைத்த பெயர் அது. அவளுக்கு அதில் வருத்தமே இல்லை.

கடையை அம்மாவும் சித்தப்பாவும் நடத்தினார்கள். முன்வாசல் பக்கம் லாரிகளை நிறுக்கும் எடைமேடையும் ஆபீஸ் அறையும் இருந்தன. பின்வாசல் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. நடுவில் மலை மாதிரி இரும்பு. துருப்பிடித்த கதவுகள், வளைந்த கம்பிகள், மூக்கு நசுங்கிய கார்கள்.

அக்கா வெல்டிங் பழகியது அந்தக் கொட்டகையில்தான். கையில் தீக்காயம் படாத வாரம் கிடையாது. இன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு அவளுக்கு நேர்முகத் தேர்வு. கப்பல் கட்டும் இடத்தில் பயிற்சி வேலை. போனிலேயே முகம் பார்த்துப் பேசுவார்கள். பேச்சோடு விடமாட்டார்களாம். இரண்டு இரும்புத் தகடுகளை அவர்கள் கண்முன்னால் ஒட்டிக் காட்ட வேண்டும்.

ஒட்டுகிற மேசை கொட்டகையில் இருந்தது. இண்டர்நெட் ஆபீஸில் இருந்தது. அதுதான் சிக்கல்.

கடைகளுக்கென்று கேபிள் கம்பெனி கொடுக்கிற இணைப்பு அது. மோடம் என்ற கறுப்புப் பெட்டியை ஆபீஸ் சுவரில் அறைந்துவிட்டுப் போயிருந்தார்கள். அதன் வைஃபை இரும்பு மலையைத் தாண்டி வராது. போன் சிக்னலும் கொட்டகைக்குள் ஒரு கோடு வரும், போகும். முந்தின நாள் ஒத்திகை பார்த்தபோது திரையில் அக்காவின் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றது. கொட்டாவி விடுகிற மாடு மாதிரி இருக்கிறது என்று நெட்டையண்ணன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

வேறொரு நாள் கேட்டுப் பார்க்கலாமே என்றார் சித்தப்பா.

"எனக்குப் பின்னால நிறைய பேர் நிக்கிறாங்க சித்தப்பா. நான் வரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டுப் போயிட்டே இருப்பாங்க" என்றாள் அக்கா.

ஆணி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்குக் காலையில் எழுந்ததும் நேராகக் குவியலுக்குப் போனாள்.

மூடிப்போன ஓர் அலுவலகத்தின் சாமான்கள் போன வாரம் வந்து இறங்கியிருந்தன. அதற்குள் வெள்ளை நிறத்தில் ஒரு ரௌட்டர் கிடந்தது. ஒரு இணைப்பை வாங்கி வைஃபையாகப் பரப்புகிற பெட்டி. தூசியைத் துடைத்து கரண்டில் மாட்டினாள். விளக்கு எரிந்தது. பின்பக்கச் சிறு துளையில் குண்டூசியால் அழுத்திப் பிடித்து, பழைய அலுவலகத்தின் பாஸ்வேர்டை அழித்தாள். இரண்டு முனையிலும் கிளிப் உடையாத ஒரு நீளமான கேபிள் சுருளையும் தேடி எடுத்தாள். அதற்குள் முழங்கை இரண்டு இடத்தில் சிராய்த்துவிட்டது.

மோடத்திலிருந்து மதில் ஓரமாகக் கேபிளை இழுத்து, ஒரே ஒரு கைவண்டிப் பாதையைக் குறுக்கே கடந்து, கொட்டகைக்குக் கொண்டுபோனாள். ரௌட்டரில் மஞ்சள் நிறத்தில் நாலு துளைகள் இருந்தன. தள்ளி நீல நிறத்தில் ஒன்று. நாலு இருக்கிற பக்கம்தான் சரியாக இருக்கும் என்று ஒரு மஞ்சள் துளையில் சொருகினாள்.

அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் ஆபீஸில் பில் போடுகிற கம்ப்யூட்டர் நின்றுபோனது.

வழக்கமாக லாரிகளுக்கு வரிசை எண்ணையும் அந்தக் கம்ப்யூட்டர்தான் கொடுக்கும். வேறு வழியில்லாமல் அம்மா முன்வாசலில் நின்று காகிதத்தில் எண் எழுதிக் கொடுத்தாள். பின்வாசலில் நின்ற சித்தப்பாவும் அதையே செய்தார். இரண்டு பேரும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். அவள் செய்வது இவருக்குத் தெரியாது, இவர் செய்வது அவளுக்குத் தெரியாது.

சீக்கிரமே எடைமேடைக்கு முன்னால் இரண்டு லாரிகள் முட்டிக்கொள்கிற மாதிரி நின்றன.

"என் சீட்டுல மூணு போட்டிருக்கு. பின்னால எடு" என்றார் ஒரு டிரைவர்.

"என் சீட்டுல என்ன முப்பதா போட்டிருக்கு? பாரு, இதுவும் மூணுதான்" என்றார் மற்றவர்.

இரண்டு பேரும் ஹாரனை அழுத்திப் பிடித்தார்கள். அந்தச் சத்தத்தில் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு கேபிள் கம்பெனிக்குப் பேசினாள். மோடத்தில் வேறு ஏதாவது புதிதாக மாட்டினீர்களா என்று அங்கிருந்தவர் கேட்டார். இல்லவே இல்லை என்றாள் அம்மா.

பக்கத்தில் நின்ற ஆணி மோடத்தில் தொங்கிய தன் கேபிளைப் பார்த்தாள். சும்மா இருந்தால் தப்பிக்கலாம். ஆனால் லாரிகள் நிற்கின்றன.

"நான் ஒரு ரௌட்டர் மாட்டினேம்மா. அக்காவுக்காக" என்றாள்.

அம்மா அவளைப் பார்த்த பார்வையில் இரும்பே உருகியிருக்கும். போனில் இருந்தவர் நிதானமாகப் பேசினார்.

"சொந்த ரௌட்டர் போடக்கூடாதுன்னு இல்லம்மா. ஆனா கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் எல்லாம் பெட்டிதான் ஒவ்வொரு நம்பர் கொடுக்கும். இப்ப உங்க இடத்துல ரெண்டு பெட்டியும் கொடுக்குது. அதை முதல்ல கழட்டுங்க. எங்க மோடம் வரைக்கும்தான் எங்க பொறுப்பு. அதுக்குப் பின்னால நீங்க மாட்டுறது உங்க பாடு."

ஆணி ஓடிப்போய்க் கழற்றினாள். மோடத்தை அணைத்துப் போட்டதும் கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. டிரைவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் அம்மாவின் குரல் கட்டிவிட்டது. சீட்டுகளைத் திரும்ப வாங்கிய சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் நூத்தியொண்ணுல இருந்து எழுதியிருந்தா இந்தச் சண்டையே வந்திருக்காது. ரெண்டு வாசல்ல சீட்டு கொடுக்கலாம், ஒரே நம்பரா கொடுத்தாத்தான் வம்பு" என்றார்.

ஆணி அப்படியே நின்றாள். பிறகு மோடத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். 192.168.0.1 என்று இருந்தது. மூச்சிரைக்கக் கொட்டகைக்கு ஓடி ரௌட்டரைத் திருப்பிப் பார்த்தாள். அதிலும் 192.168.0.1.

இரண்டு பெட்டிக்கும் ஒரே முகவரி. இரண்டும் அங்கிருந்துதான் எண் கொடுக்கத் தொடங்குகின்றன. எடைமேடைக்கு முன்னால் நின்ற இரண்டு லாரிகள்தான் இது.

மறுபடி ஆபீஸுக்கு வந்து, இன்னொரு தடவை மாட்டிப் பார்க்கிறேன் என்றாள். அம்மா முடியாது என்றாள். ஆணி நகரவில்லை. வேலையைப் பார்க்கப் போ என்றாள் அம்மா. இதுதான் வேலை என்றாள் ஆணி.

"அக்கா கையைப் பாத்திருக்கியாம்மா? அவ்வளவு சுட்டுக்கிட்டு பழகியிருக்கா. படம் வராததால வேலை போச்சுன்னா நல்லாவா இருக்கும்?"

அம்மா வாசலை எட்டிப் பார்த்தாள். சாப்பாட்டு நேரத்துல லாரி வராது, அப்போ மாட்டிக்கோ என்றாள். "இன்னொரு தடவை பில் நின்னுது, அந்தப் பெட்டி நொறுக்குற மெஷினுக்குள்ள போகும். கூட நீயும் போவே."

சாப்பாட்டு நேரம் வந்தது. ஆணி சாப்பிடவில்லை. மோடத்தை உற்றுப் பார்த்தாள். கம்பெனியின் தடித்த கேபிள் வெளியிலிருந்து வந்து தனியாக ஓர் இடத்தில் நுழைந்தது. கம்ப்யூட்டருக்குப் போகிற கேபிள்கள் வேறு பக்கம் வரிசையாக இருந்தன. அப்படியானால் வெளியிலிருந்து வருவதற்குத் தனி வாசல். ரௌட்டரிலும் தனியாக இருப்பது நீலத் துளைதான். காலையில் அவள் வாசலை விட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய்ச் சொருகியிருக்கிறாள்.

நீலத்தில் சொருகினாள். ஆபீஸை நோக்கிக் காதைத் தீட்டினாள். யாரும் கத்தவில்லை. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கொட்டகையிலும் இண்டர்நெட் வரவில்லை.

முகவரி இன்னும் ஒன்றாகவே இருக்கிறதே. அவள் அக்காவிடம் போனைக் கேட்டாள். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த அக்கா, சார்ஜைத் தீர்த்துவிடாதே என்று சொல்லிக் கொடுத்தாள். போனை ரௌட்டரோடு இணைத்து, தாளில் இருந்த எண்ணை அப்படியே தட்டினாள். ரௌட்டரின் பக்கம் திறந்தது. முழுக்க ஆங்கிலம். பாதி புரியவில்லை. புரியாததைத் தொடாமல் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு கட்டத்தில் அதே 192.168.0.1 வந்தது. நடுவில் இருந்த பூஜ்யத்தை அழித்து ஐந்து என்று போட்டுச் சேமித்தாள்.

பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்தன.

"கெடுத்துட்டியா?" என்றாள் அக்கா.

ஆணி பெட்டியின் மேல் குனிந்து பார்த்தாள். விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. கடைசியில் இண்டர்நெட் விளக்கும் பச்சையாக எரிந்தது. போனை மறுபடி இணைத்து சித்தப்பாவை வீடியோவில் கூப்பிட்டாள். ஆபீஸில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் முகம் திரை முழுக்க வந்தது. மீசையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கைகூடத் தெரிந்தது.

"துடைச்சுக்கோங்க சித்தப்பா" என்றாள் ஆணி.

பில் ஓடுதா என்று கேட்டாள். அருமையாக ஓடுகிறது என்றார் அவர்.

மூன்று மணிக்கு அக்கா போனை மேசைக்கு எதிரே நிறுத்திவிட்டு முகக்கவசத்தைக் கையில் எடுத்தாள். ஆணி வெளியே வந்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கேபிள் வண்டிப் பாதையின் குறுக்கே தரையில் கிடக்கிறது. அந்தப் பாதையில் நெட்டையண்ணன் கைவண்டி நிறைய லாரி கியர்களை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

அவள் ஓடிப்போய்க் கேபிளுக்கு இரண்டு பக்கமும் காலை வைத்து நின்றாள்.

"நகரு ஆணி. பாரம் கையை இழுக்குது."

"அக்கா முடிக்கிற வரைக்கும் யாரும் தாண்டக்கூடாது."

சுற்றிப் போனால் அரை கடையைச் சுற்ற வேண்டும் என்றார் அவர். சுற்றிப் போங்கள், இல்லாவிட்டால் நில்லுங்கள் என்றாள் இவள். அவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை இறக்கி வைத்து, ஒரு கியரின் மேல் உட்கார்ந்தார். வெயில் உச்சந்தலையைச் சுட்டது. கொட்டகைக்குள் வெல்டிங் சடசடவென்று பொரிந்தது, நின்றது, மறுபடி பொரிந்தது. பிறகு பேச்சுக் குரல். அது நின்று நின்று வரவில்லை, ஒரே சீராக வந்தது. அம்மாவும் ஆபீஸிலிருந்து வந்து, ஏதோ வேலையாக வந்தவள் போல ஒரு கம்பியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள். கம்பியை அவள் பார்க்கவே இல்லை.

கதவு திறந்தது. அக்காவின் நெற்றியெல்லாம் வியர்வை.

"ஒட்டின இடத்தைக் கிட்ட கொண்டு வரச் சொன்னாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க."

அம்மா கம்பியைக் கீழே போட்டாள். அதே கையால் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் துருவாகிவிட்டது.

நெட்டையண்ணன் எழுந்து வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார்.

"அவளுக்கு வேலை கிடைச்சாச்சுல்ல? இப்பக் கேபிளைச் சுருட்டு தாயே. எனக்கும் வேலை கிடக்குது."

ஆணி காலை எடுத்தாள்.