ஒரே பெயரில் நான்கு பேர்

துணி கருகும் வாசனை பக்கத்து அறையிலிருந்து மெல்ல வந்து மூக்கில் ஏறியது.

"என்னங்க, சட்டை தீயுது பாருங்க."

"கை மரத்துப்போச்சும்மா. இஸ்திரிப் பெட்டிய விட முடியல."

"ஒரு சட்டை தேய்க்க இத்தனை சாக்கா?"

அலுத்துக்கொண்டே அவள் கணினித் திரைக்குத் திரும்பினாள். மின்னூலகத்துக்கு அட்டவணை போடுவது அவள் வேலை. ஒரே ஆசிரியர் பெயரில் புத்தகங்கள் வந்தால், எழுதியது ஒருவரா பலரா என்று பார்த்துப் பதிய வேண்டும். இன்று நூறு வருடத்துக்கு முந்தைய மூன்று புத்தகங்கள் ஸ்கேன் ஆகி வந்திருந்தன. ஒரு வைத்தியர், ஒரு பயணி, ஒரு கணக்கு வாத்தியார். மூவருக்கும் ஒரே பெயர், ஒரே இனிஷியல். அவள் கணவருக்கும் அதே பெயர், அதே இனிஷியல். நாய் வளர்ப்பைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் எழுதிவிட்டு ஊரெல்லாம் பீற்றிக்கொள்பவர். ஆனால் வயதைச் சொன்னால் மட்டும் முகம் சுண்டிவிடும் என்பதால், அவருடைய பிறந்த ஆண்டை அவள் பதியாமல் விட்டிருந்தாள். சற்று முன் அவசரத்தில் நான்கு பெயரையும் குறித்து 'சேர்' என்பதை அழுத்தியபோது, நால்வருக்குமே ஆண்டு இல்லாததால் கணினி மறுபேச்சின்றி நால்வரையும் ஒரே ஆளாக்கியிருந்தது.

திரையில் இப்போது ஒரே வாழ்க்கைக் குறிப்பு. அந்தப் பழைய மூவருக்கும் நேர்ந்தவை, பதிப்புரைகளைப் பார்த்து அவளே எழுதியவை, வரிசையாக. வலது கை மணிக்கட்டோடு வெட்டப்பட்டது. கொள்ளையர் இடது கண்ணைத் தோண்டினர். உறவினரே கழுத்தை அறுத்தனர்.

உள்ளே அவர் அலறினார்.

ஓடினாள். இஸ்திரிப் பெட்டியைக் கை பிடித்திருந்தது. கை மட்டும். அவர் சுவரோரம் சரிந்து கிடந்தார். மணிக்கட்டிலிருந்து பீய்ச்சிய ரத்தம் அவள் முகத்தில் சூடாகத் தெறித்தது.

"யாரும் வரல... யாருமே வரலம்மா..."

துண்டை எடுத்து இறுக்கிக் கட்டினாள். கட்டும்போதே அவருடைய இடது இமைக்குள் ஏதோ புகுந்து திருகியது. அவள் கண்ணெதிரே. விரல் இல்லை, கத்தி இல்லை. விழி மட்டும் பிதுங்கி வெளியே வந்தது.

அடுத்த வரி அவளுக்குத் தெரியும். கழுத்து.

ரத்தத்தில் வழுக்கி விழுந்து எழுந்து கணினிக்கு ஓடினாள். ஐயோ, என் கையாலேயே செய்துவிட்டேனே. திரையில் தேடினாள். 'சேர்' என்பதற்குக் கீழே இருந்தது, 'பிரி'.

அழுத்தினாள்.

'எத்தனையாக?' என்று கேட்டது.

நான்கு பேர். நான்கு என்று தட்டினாள்.

அலறல் பட்டென்று நின்றது. அவளுக்கு உயிர் வந்தது. அழுதுகொண்டே அந்த அறை வாசல்வரை போனாள்.

"என்னங்க, சரியாப்போச்சு. இனி ஒண்ணும் ஆகாது..."

அறையின் நான்கு மூலைகளிலும் அவர் இருந்தார். நான்கு துண்டுகளாக, சரிசமமாக. நான்கும் ஒன்றுபோல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. வாய் இருந்த துண்டு அவளைப் பார்த்து, "ஏம்மா" என்றது.