நிலவில் நின்றுபோன கோப்புகள்

கோப்பு மறுபடியும் பாதி வழியில் நின்றுவிட்டது. வார்டில் மூச்சுத் திணறிக் கிடந்த உப்பளத் தொழிலாளியின் உடல் எண்களாக மாறி நிலவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே உறைபனிப் பள்ளத்தில் இருக்கும் பெருங்கணினி அதைப் படித்து, அறுவை செய்யலாமா, விட்டுவிடலாமா என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் இப்போது எந்த மருத்துவரும் கத்தியைத் தொடுவதில்லை, தூத்துக்குடியிலும் அப்படித்தான்.

மருத்துவமனையின் தொடர்புப் பொறியாளர் ஜெனோவா எல்லாவற்றையும் செய்து பார்த்தாயிற்று. மொட்டைமாடி அலைவாங்கியை மாற்றினாள். கம்பிகளை மாற்றினாள். பெரிய கோப்புகள்தான் சிக்குகின்றனவோ என்று பார்த்தால், நின்றவற்றைவிடப் பெரியவை சிட்டாய்ப் பறந்தன. நிற்பவை சில மட்டுமே. ஆனால் ஒருமுறை நின்ற கோப்பு, எத்தனை தடவை அனுப்பினாலும் அதே இடத்தில் நின்றது.

கடைசியில் இணைப்பின் நடுவே ஒட்டுக்கேட்கும் கருவியைப் பொருத்தினாள். அப்போதுதான் தெரிந்தது, பெருங்கணினி சும்மா இருக்கவில்லை. முன்பு வந்த பக்கங்களையே திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் படித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் மிச்சம் போய்ச் சேரவில்லை.

தலைமை மருத்துவர் ரொட்ரிகோவிடம் ஓடினாள்.

"கோளாறு இல்ல டாக்டர். அது யோசிக்குது. முடிவு சொல்ல முடியாம தயங்குது."

"யோசிக்கட்டும்னு விட்டா வார்டுல ஆள் செத்துருவாங்கம்மா."

"அது தயங்குற ஆள மட்டும் நீங்க ஒருதடவ பாத்தா என்ன?"

ரொட்ரிகோ தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "நான் சொந்தமா ஒரு முடிவெடுத்து எத்தன வருஷமாச்சு தெரியுமா? பயமா இருக்கு ஜெனோவா. நீ அத எப்படியாவது சரி பண்ணு."

அவள் ஒரு கட்டளை எழுதினாள். ஒருமுறை அனுப்பிய பக்கத்தை மருத்துவமனை இனி இரண்டாம் முறை தராது. கிடைத்ததை வைத்துப் பெருங்கணினி உடனே பதில் சொல்லியாக வேண்டும்.

உப்பளத் தொழிலாளிக்கு உடனே பதில் வந்தது: விட்டுவிடலாம். அன்று மாலையே அவர் போய்விட்டார். ஜெனோவாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் வார்டில் காத்திருந்த கூட்டம் கரைந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். மற்ற மருத்துவமனைகளும் அந்தக் கட்டளையைக் கேட்டு வாங்கிக்கொண்டன. சில ஆண்டுகளில் நாடு முழுவதும் ஒரு கோப்புகூட நிற்கவில்லை.

அப்புறம் ஒருநாள் அவள் கணவன் கிளீட்டஸ் துறைமுகத்தில் வேலையின்போது சுருண்டு விழுந்தான். மூளையில் இரத்தக் கசிவு. அவன் கோப்பு போன வேகத்திலேயே பதில் திரும்பியது: விட்டுவிடலாம்.

"டாக்டர், நீங்க பாருங்க. ஒரே ஒரு தடவ பாருங்க!"

"பதில் தெளிவா வந்திருக்கேம்மா. கொஞ்சங்கூடத் தயங்கலையே."

"தயங்க விட்டாத்தான டாக்டர்!"

தன் அறைக்கு ஓடி, தான் எழுதிய கட்டளையைத் தன் கையாலேயே அழித்தாள். கிளீட்டஸின் கோப்பை மறுபடி அனுப்பினாள். ரொட்ரிகோவும் பின்னால் வந்து நின்றார். திரையில் கோடு நகர ஆரம்பித்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, ஒரு கோப்பு நின்றுபோக வேண்டுமென்று அவள் மன்றாடினாள். "நில்லு. ஒரு தடவ திரும்பக் கேளு. மாதாவே, கேக்க வையும்."

அது கேட்கவில்லை. கேட்டும் கிடைக்காமல் போன இத்தனை ஆண்டுகளில், கேட்கும் பழக்கமே அதற்கு விட்டுப்போயிருந்தது. கோடு தங்குதடையில்லாமல் ஓடி முடிந்தது. அதே பதில் வந்தது.

ரொட்ரிகோ அவள் தோளைத் தொட்டு ஆறுதலாகச் சொன்னார்: "லைன்ல ஒரு குறையும் இல்லம்மா. நீதான சரி பண்ணுன."