நாலு சிலிண்டரும் நிரபராதி

பிணத்தைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

வெள்ளைப் பிணம். நான்கு டயர். பதினோரு நாளாகக் கழுவாத முன்கண்ணாடி.

ஒர்க்‌ஷாப் வாசலில் டிராக்டர் நின்றதும் எதிர்த் தையல்கடையில் மிஷின் சத்தம் நின்றது. மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. துணி உலர்த்தவாம்... கையில் துணியே இல்லை!

வேனிலிருந்து டிரைவர் இறங்கினான். பதினோரு நாள் தாடி. கையில் ஒன்றரை அடி வீல் ஸ்பேனர்.

ஸ்பேனர் எதற்கென்று தெருவுக்கே தெரியும். அவனே வீடு வீடாகச் சொல்லியிருந்தான்.

"இந்த எஞ்சினைக் கெடுத்தவன் எவனோ, அவன்தான் என் பொண்டாட்டியைக் கொன்னவன்! உறுதியாகட்டும்... மண்டையைப் பிளக்கறேன்!"

பதினோரு நாளுக்கு முன்பு, காலை ஒன்பது மணி. அவன் மனைவிக்கு நெஞ்சுவலி. வேனின் பின்சீட்டில் படுக்க வைத்துப் பறந்தான். பாலத்தின் நடுவில் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. ஆவி சீறியது. எஞ்சின் நின்றது.

அடுத்த வண்டி கிடைக்க முப்பத்தைந்து நிமிடம் ஆனது.

அவள் அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை.

முந்தின நாள் பகல் முழுக்க அந்த வேனை இரவல் வாங்கி ஓட்டியவன் யார்? மச்சான்! செத்தவளின் கூடப்பிறந்த தம்பி! அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் தெருவுக்கு?

"கேஸ்கெட்தான் அக்கா!" டிரைவர் உள்ளே நுழையும்போதே கத்தினான். "தண்ணியே இல்லாம ஓட்டியிருக்கான். ஹெட் கேஸ்கெட் வெடிச்சிருக்கு. பாக்கவே வேணாம்... ஆமான்னு சொல்லுங்க, போதும்!"

மெக்கானிக் நிமிர்ந்தாள். தெருவில் அவளுக்குப் பெயர் டார்ச் அக்கா. நெற்றியில் எப்போதும் ஒரு விளக்குப் பட்டை. கல்யாண வீட்டுக்கு அதைக் கழற்றிவிட்டுப் போனால், அடையாளம் தெரியாமல் "நீங்க பொண்ணு வீடா?" என்று கேட்பார்கள்.

"நீயே டாக்டர்னா இங்க எதுக்கு வந்த? முதல்ல ஸ்பேனரைக் கீழ வை."

"மாட்டேன்."

"அது என் ஸ்பேனர்டா. மூணு மாசமாத் தேடறேன்."

டிரைவர் திருப்பிப் பார்த்தான். பிடியில் அவள் அடித்த மஞ்சள் கோடு. ஒரு கணம் தடுமாறினான். ஆனாலும் கீழே வைக்கவில்லை.

"எங்க உன் மச்சான்?"

"வரச் சொல்லியிருக்கேன். உங்க வாயால கேக்கட்டும்... அப்புறம் நான் பேசிக்கறேன்."

அவள் பானெட்டைத் தூக்கினாள்.

"ரேடியேட்டர் அடியில சொட்டுது, ஈயம் வெச்சு அடைக்கணும், வண்டியைக் கொண்டு வான்னு போன மாசம் சொன்னேனே?"

"அடுத்த வாரம், அடுத்த வாரம்னு விட்டுட்டேன்." அவன் குரல் இறங்கியது. "தினம் வீட்ல புலம்புவேன்... இந்தச் சொட்டு என் உசுரை வாங்குதுடீன்னு."

டீசல் எஞ்சினுக்குள் நெருப்பு, தண்ணீர், எண்ணெய் மூன்றும் ஒரே வீட்டில் குடித்தனம். நடுவில் ஒரு மெல்லிய தகடுதான் சுவர். அதுதான் ஹெட் கேஸ்கெட். சுவர் இடிந்தால் ஒருவர் வீட்டில் இன்னொருவர் புகுந்துவிடுவார்... மறைக்க முடியாது!

முதலில் ஆயில் குச்சியை உருவினாள். தண்ணீர் கலந்திருந்தால் பால் விட்ட காபி நிறம் காட்டும்.

கன்னங்கரேல்!

"ஆயில்ல தண்ணி இல்ல."

"கொஞ்சமாத்தான் கலந்திருக்கும்..."

ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பினாள். மூடியைத் திறந்தே வைத்தாள். "ஸ்டார்ட் பண்ணு."

பிணம் இருமியது... உறுமியது... ஓடியது!

இருவரும் ரேடியேட்டர் வாயில் குனிந்தார்கள். கேஸ்கெட் போயிருந்தால் சிலிண்டர் காற்று இந்த வழியாகக் குமிழி குமிழியாக வரும்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். தண்ணீரில் அவர்கள் இருவர் முகம் மட்டும்தான் தெரிந்தது.

"நல்லாப் பாருங்க அக்கா... ஒரு குமிழி கூடவா இல்ல?"

"இல்லடா. சைலன்சர்ல வெள்ளைப் புகையும் இல்ல."

சிலிண்டர்களின் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, ஓட்டை ஓட்டையாக கேஜ் வைத்து அழுத்தம் பார்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. முள் நான்கு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது.

"கேஸ்கெட் முழுசா இருக்கு. நாலு சிலிண்டரும் நிரபராதி."

எஞ்சின் பிழைத்ததென்றால் எந்த டிரைவரும் கும்பிடுவான். இவன் முகம் செத்துப் போயிற்று!

"இன்னொரு தடவை பாருங்க."

"எதுக்கு?"

"பாருங்கக்கா! உங்க கேஜ் பழசு!"

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பிளக்குகளைத் திரும்ப மாட்டினாள். எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் போய்வரும் இரண்டு ஹோஸ்களைத் தொட்டாள். மேல் ஹோஸ், கை வைக்க முடியாத கொதிப்பு. கீழ் ஹோஸ், ஜில்!

"தண்ணி மேல வருது. கீழ இறங்கல. உள்ள ஏதோ அடைச்சிருக்கு. ஆஃப் பண்ணு. ஆறட்டும்."

ஆறுவதற்குள் மச்சான் வந்துவிட்டான். ஒல்லிப் பையன். வாசல்படியிலேயே நின்றான்.

"மாமா..."

"வாடா! கிட்ட வா! உங்கக்காவை முழுங்கினது பத்தலையா உனக்கு?"

அவன் வாய் திறக்கவில்லை. பதினோரு நாளாகவே திறக்கவில்லை. சுடுகாட்டில் சட்டையைப் பிடித்து உலுக்கியபோதும்கூட!

டார்ச் அக்கா கீழ் ஹோஸின் கிளாம்பைத் தளர்த்தி இழுத்தாள். தண்ணீர் குபுக்கென்று கொட்ட வேண்டும்.

கொட்டவில்லை.

விரலை விட்டாள். ஏதோ வழுவழுவென்று தட்டுப்பட்டது. ஒரு துண்டைப் பிடுங்கினாள். மீதி அடைப்பு அப்படியே நின்றது.

உள்ளங்கையில் ஒரு கட்டி. வெந்து இறுகிய களி போல. வெளிறிய நீலம்.

முகர்ந்து பார்த்தாள்.

நெற்றி விளக்கை அணைத்தாள்.

அந்தத் தெருவில் அவள் பட்டப்பகலில் விளக்கை அணைத்து யாரும் பார்த்ததில்லை. மாடி ஜன்னல் இன்னும் கொஞ்சம் திறந்தது!

அவள் பின்னால் அலமாரியில் வேலைக் குறிப்பு நோட்டுகள் வரிசையாக இருந்தன. எல்லாம் டிரைவர் மனைவி பைண்டிங் செய்தவை. தெருவில் அட்டை கிழிந்த புத்தகம் எல்லாம் அவளிடம்தான் போகும். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில் துத்தம் கலந்து, தானே பசை கிண்டுவாள். வெளிறிய நீலப் பசை.

அவள் ஒட்டியது பிரிந்ததாக இதுவரை ஒரு புகார் கிடையாது.

"என்னக்கா அது?" டிரைவர் ஸ்பேனரை இறுகப் பிடித்தான்.

மச்சானும் அந்த நீலத்தைப் பார்த்துவிட்டான்.

"நான்தான் மாமா!"

பதினோரு நாள் மௌனம் படீரென்று உடைந்தது.

"தண்ணி இல்லாம ஓட்டினது நான்தான்! சூடேறுச்சு... கண்டுக்காம ஓட்டினேன்! அடிங்க மாமா... கொன்னுடுங்க!"

"பொய்!" டார்ச் அக்கா குறுக்கே பாய்ந்தாள். "அவன் மேல கை வெக்காத. நான்தான். சொட்டு அடைக்க மட்டமான பவுடர் ஒண்ணு வாங்கி... உன்கிட்ட சொல்லாம ஊத்திட்டேன். அதான் இறுகி அடைச்சிருச்சு. என் தப்பு."

டிரைவர் ஸ்பேனரை ஓங்கினான்.

தையல்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

டணார்!

ஸ்பேனர் தரையில் விழுந்து உருண்டது. டிரைவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு கொலை... அதுக்கு ரெண்டு பேர் போட்டி போட்டு ஒத்துக்கறீங்களே." சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "அக்கா, நீங்க எந்த வண்டியையும் ஓட வெச்சிருவீங்க. பொய்யை மட்டும் ஓட்டத் தெரியல."

எழுந்துபோய் டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து வந்தான்.

ஒரு பிளாஸ்டிக் புனல். உள்ளெல்லாம் காய்ந்த நீலப் பசை.

"காலைல கிடைச்சுது. அவ பைண்டிங் மேஜைக்கு அடியில."

டார்ச் அக்கா புனலை வாங்கிப் பார்த்தாள்.

"தெரிஞ்சுமா வந்தே?"

"கேஸ்கெட் போயிருக்கணும்னு வழியெல்லாம் வேண்டிக்கிட்டே வந்தேன்க்கா. கேஸ்கெட் போயிருந்தா... பசை காரணம் இல்லைன்னு ஆகியிருக்கும். பழி இவன் மேலயே இருந்திருக்கும்." மச்சானைப் பார்த்தான். "உன்னைக் கொன்னா அவ தப்பிச்சுருவான்னு நெனச்சேன்டா."

மச்சான் அவன் காலடியில் உட்கார்ந்தான்.

"சாயங்காலம் நான் வண்டியை விட்டதுமே பசையை ஊத்த ஆரம்பிச்சா, மாமா. 'உங்க மாமா கிட்ட சொல்லாதே, நாளைக்கு சொட்டைக் காணோம்னு தேடட்டும்'னு சிரிச்சா. நானும்... சிரிச்சுட்டுப் போயிட்டேன்."

"இத்தனை நாள் ஏன்டா வாங்கிக் கட்டிக்கிட்டே?"

"அவளையா காட்டிக் குடுக்கச் சொல்றீங்க?"

டிரைவர் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். வெகுநேரம் கழித்து மூக்கை உறிஞ்சினான்.

"அக்கா... ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. அந்த சொட்டு?"

அவள் விளக்கைப் போட்டாள். மல்லாந்து படுத்து வேனுக்கு அடியில் நுழைந்தாள். சற்றுமுன் அவள் நிரப்பிய தண்ணீர் அத்தனையும் மேலே நின்றுகொண்டிருந்தது. ரேடியேட்டரில் சொட்டிக்கொண்டிருந்த அடி இணைப்பை விரலால் தடவினாள். அங்கே மெல்லிய நீலக் கோடு. விரலில் ஈரமே இல்லை.

"நின்னிருச்சுடா. ஒரு சொட்டு கூட இல்ல."

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பின்ன? அவ பைண்டிங் என்னைக்குக்கா பிரிஞ்சிருக்கு?"