சமாதான நீதவானும் சர்மிலாவின் கோழியும்

கலாஜினி வளர்க்கும் கோழி ஆரையம்பதியில் யாருக்கும் பயப்படாது. தபால்காரரின் குதிக்காலைக் கொத்தும். நாயைத் துரத்தும். ஊர் அபிவிருத்திச் சங்கத் தலைவரும் சமாதான நீதவானுமாகிய சாமித்தம்பியைக்கூட ஒரு தரம் கதிரைக்கு மேலே ஏற வைத்திருக்கிறது.

உண்மையில் அது அவளுடைய கோழி இல்லை. சர்மிலாவின் கோழி.

யுத்தத்தின்போது வாகரைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் ஆரையம்பதியில் கூடாரங்களில் தங்கியிருந்தார்கள். சர்மிலாவும் அப்படி வந்தவள். அவளும் கலாஜினியும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள். ஊருக்குத் திரும்ப பஸ் வந்த அன்று, கோழியை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சர்மிலா பஸ் படியில் நின்றபடியே அதைக் கலாஜினியின் கையில் கொடுத்தாள்.

"வாரத்துக்கு வளருடி. குஞ்சு பொரிச்சா உனக்குப் பாதி, எனக்குப் பாதி. தாய் என்ட."

வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, வளர்ப்பது என்றால் எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை. சொன்னால் சொன்னதுதான். மூன்று வருடமாகக் கலாஜினி அந்தச் சொல்லைக் காப்பாற்றி வந்தாள். காலில் நீலத்துணி கட்டிய கோழிகள் எல்லாம் சர்மிலாவின் பங்கு. விலாசத்தை மட்டும் கேட்க மறந்துவிட்டாள். எட்டு வயதில் யார் விலாசம் கேட்பார்கள்?

இப்போது அந்தக் கோழிகளுக்கு ஓர் ஆபத்து வந்தது. அது இணையத்தின் வழியாக வந்தது.

சாமித்தம்பி, கலாஜினியின் பெரியப்பா. இரு வீடும் ஒரே வளவுக்குள். யுத்தம் முடிந்துவிட்டது, இனி ஊர் உலகத்தோடு பேச வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். கனடா, கட்டார் என்று சிதறிப்போன ஊரவர்கள் எழுதவும், மற்றவர்கள் பதில் எழுதவும் இணையத்தில் ஒரு கருத்துக்களம். அதன் திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து ஒரு பிரமுகர். பிரமுகருக்கு நாட்டுக்கோழிக் கறி.

"எங்கட வளவிலயே கோழி நிறைய இரிக்கு" என்றார் பெரியப்பா.

"அதில பாதி சர்மிலாட பெரியப்பா. வாரத்துக்குத் தந்தவள். என்ட பங்கில மூண்டு சேவலை எடுங்க."

"காணாது புள்ள. பிரமுகரோட ரெண்டு வான் ஆக்கள் வாறாங்க." பெரியப்பா தொண்டையைச் செருமினார். "விழாவுக்கு முதல் அந்தப் பிள்ளை உரிமை கோரினா அவட. கோராட்டி உரிமையாளர் இல்லாத சொத்து. பொது நன்மைக்குப் பயன்படுத்தலாம்."

"உங்கட பொது நன்மை எப்பவும் கறியாத்தான் முடியும்" என்றார் பெரியம்மா வசந்தாதேவி, குசினியிலிருந்து.

சர்மிலாவை எங்கே தேடுவது? ஊர் ஊராகச் சனம் வந்து போகும் இடத்தில் கேட்க வேண்டும். அப்படி ஓர் இடத்தைத்தானே பெரியப்பா திறக்கப் போகிறார்! கலாஜினி நூலகத்துக்கு ஓடினாள்.

நூலகத்துக் கணினி சுனாமிக்குப் பிறகு யாரோ அன்பளிப்பாகத் தந்தது. கணினி சிறிது. தந்தவர்களின் பெயர் ஒட்டியிருந்த தாள் பெரிது. களம் அந்தக் கணினியில்தான் ஓட வேண்டும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். "எங்கட களம் எங்கட மண்ணில இரிக்கோணும்."

சங்கத்தின் செயற்குழு அங்கே கூடியிருந்தது. பெரியப்பாவின் மகன் விதுஷன் உயர்தர வகுப்பில் படிக்கிறவன். அவன்தான் விளக்கினான்.

"களத்தை நடத்துற மென்பொருள் ஒண்டு வேணும். சனம் எழுதுறதை எல்லாம் அடுக்கி வைச்சு, கேட்ட உடன எடுத்துத் தாறதுக்குத் தரவுத்தளம் ஒண்டும் வேணும். ரெண்டும் இலவசமாக் கிடைக்குது. எதை எடுக்கிற எண்டதுதான் கேள்வி."

திரையில் இரண்டு தரவுத்தளங்களின் சின்னங்கள் தெரிந்தன. ஒன்று யானை. மற்றது இறகு.

"யானை" என்றார் பெரியப்பா.

"அப்பா, யானை நல்லதுதான். பெரிய வேலைக்கு. ஆனா இந்தக் கிழட்டுக் கணினிக்கு இறகு..."

"பிரமுகருக்கு முன்னால இறகைக் காட்ட ஏலுமா? யானை."

களத்துக்கான மென்பொருளையும் அப்படியே தெரிந்தெடுத்தார். எதன் முகப்பில் அலங்கார விளக்குப் படங்கள் கூடுதலாகச் சுற்றினவோ, அது.

பிறகு பதவிகள். செயற்குழுவில் இருந்த எல்லோரும் களத்துக்கு நிர்வாகிகள் ஆனார்கள். யார் பெயர் முதலில், யார் பெயர் அடுத்தது என்பது பெரிய சண்டையாகிவிட்டது. கோயிலில் மரியாதைக்குக் காளாஞ்சித் தட்டம் கொடுக்கும் ஒழுங்கிலேயே பெயர்களைப் போடுவதென்று முடிவானபோது பொழுது பட்டுவிட்டது. புதிதாகச் சேர்கிறவரைத் தலைவரே பார்த்து அனுமதிப்பார் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

"எல்லாரும் நிர்வாகி எண்டா எழுதுறது ஆரு?" என்று கேட்டாள் கலாஜினி.

எல்லோரும் பட்டியலில் தங்கள் பெயரை மறுபடியும் தேடினார்கள்.

"அது பிறகு வரும்" என்றார் பெரியப்பா.

"அப்ப நான் எழுதட்டா? சர்மிலாவைத் தேடோணும்."

"திறக்காத களத்தில எழுதுறதா? கொடியேற முதல் சாமி தூக்கிற கதையா இரிக்கு."

கலாஜினி வீட்டுக்குப் போய்க் கோழிக்கூட்டுக்கு முன்னால் இருந்து யோசித்தாள். கோழி அவளுடைய குதிக்காலைக் கொத்தியது. அவள் எழும்பி விதுஷனிடம் போனாள்.

"அண்ணா, அந்த இறகையும் ஒரு சின்னக் களத்தோட சேத்துப் போட்டு வை. சும்மா."

பிறகு பெரியப்பாவிடம் போனாள்.

"பெரியப்பா, கூத்து அரங்கேத்த முதல் சதங்கை அணி விழா வைச்சு ஒத்திகை பாக்கிறாங்கதானே? பிரமுகருக்கு முன்னால களம் பிசகினா?"

பெரியப்பாவின் முகம் மாறியது. பிரமுகருக்கு முன்னால் பிசகுவதை அவர் அதுவரை நினைத்துப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் அவர் கணினிக்கு முன்னால் வந்து இருந்தார்.

"நீங்க இப்ப தலைவர் இல்ல" என்றாள் கலாஜினி. "கட்டாரில வேலை செய்யிற ஒரு சாமித்தம்பி. ஊரோட கதைக்க ஆசைப்பட்டு வாறீங்க."

விளக்குகள் சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. பெரியப்பா பெயரைப் பதிந்தார். பிறகும் விளக்குகள் சுற்றின. கடைசியில் ஒரு வரி வந்தது. "உங்கள் விண்ணப்பம் தலைவரின் அனுமதிக்காகக் காத்திருக்கிறது."

"சரி, அனுமதிக்கிறன்" என்றார் பெரியப்பா.

"நீங்க கட்டாரில இரிக்கிறீங்க. தலைவர் ஆரையம்பதியில."

"தலைவர் எங்க போனவர்?"

"கலியாண வீட்டுக்கு. நாளைக்குத்தான் வருவார்."

"என்ன மனுசன் அந்தாள்? சனம் காத்துக் கிடக்கு, அவருக்குக் கலியாண..." பெரியப்பா பாதியில் நிறுத்தினார். விதுஷன் அவசரமாக யன்னலுக்கு வெளியே பார்த்தான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது கணினி எழும்பியது, யானை எழும்பவில்லை. விதுஷன் எத்தனையோ விதமாக எழுப்பிப் பார்த்தான். யானையில் பிழை இல்லை. கட்டிய கொட்டில்தான் சிறிது.

"அண்ணா, மத்ததைத் திற" என்றாள் கலாஜினி.

பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் இறகுக் களம் திறந்துவிட்டது. விளக்கு இல்லை. பூ இல்லை. எழுத ஓர் இடம் மட்டும் இருந்தது.

"மொட்டையா இரிக்கே."

"எழுதிப் பாருங்க. உங்களுக்குத் தெரியாத ஒண்டைக் கேளுங்க."

தெரியாதது ஒன்று இருப்பதாகப் பெரியப்பா இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் திரையைப் பார்த்தார். பிறகு கலாஜினியின் முகத்தைப் பார்த்தார். ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார்.

"கௌரவத்துக்குரியவர்களே, கோழி தொடர்பானது. வாகரைப் பகுதியைச் சேர்ந்த செல்வி சர்மிலா, தமது தாய்க்கோழியையும் குஞ்சுகளில் பாதியையும் திறப்பு விழாவில் கறியாக்கப்படுவதற்கு முன் உடன் உரிமை கோருமாறு இத்தால் அறிவிக்கப்படுகிறார். கோழி குதிக்காலைக் கொத்தும். அவர் எங்கே இருக்கிறார் என்பது எமக்குத் தெரியாது. உண்மையுள்ள, சாமித்தம்பி, கட்டார்."

"சமாதான நீதவான் எண்டு போடேல்லையா அப்பா?"

"கட்டார்ச் சாமித்தம்பிக்கு அது இல்லையே மனே" என்றார் பெரியப்பா. பிறகு மெதுவாகச் சொன்னார்: "இது திறந்தபடி கிடக்கட்டும். சதங்கை அணி விழாவையும் சனம் பாக்கிறதுதானே."

விதுஷன் தனக்குத் தெரிந்த எல்லோருக்கும் களத்தின் முகவரியைச் சொன்னான். கனடாவிலிருந்து ஒருவர் "கோழி எப்படி இருக்கும்?" என்று எழுதினார். கட்டாரிலிருந்து இன்னொருவர் "இங்கே நாங்கள் அறியாத சாமித்தம்பி யார்?" என்று கேட்டார். சர்மிலாவைக் காணவில்லை. பெரியம்மா கறிக்கு மிளகாய் இடித்துவிட்டார்.

விழாவுக்கு முதல் நாள் பின்னேரம் பதில் வந்தது.

"நான்தான் சர்மிலா. எங்கட கணினி நிலையத்து அக்கா கூப்பிட்டுக் காட்டினவ. கோழி இப்பவும் கொத்துதா? ஒண்டையும் கறியாக்க வேணாம். நாளைக்கு முதல் பஸ்ஸில வாறன். கலா, நீ என்னை விட வளந்திட்டியா?"

கலாஜினி அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

மறுநாள் சர்மிலா கூடையோடு வந்து இறங்கினாள். கோழி ஓடிப்போய் முதல் வேலையாக அவளுடைய குதிக்காலைக் கொத்தியது.

"என்னை மறக்கேல்ல" என்று சர்மிலா சிரித்தாள். நீலத்துணிக் கோழிகள் கூடைக்குள் போயின. தாய்க்கோழியைத் தூக்கி மறுபடியும் கலாஜினியின் கையில் வைத்தாள். "இது இங்கயே நிக்கட்டும். இனியும் வாரம்தான். அப்பத்தான் நான் அடிக்கடி வரலாம்."

கொழும்புப் பிரமுகர் வந்தார், விளக்கேற்றினார், சாப்பிட இருந்தார். அவர் இறைச்சியே தின்பதில்லையாம்.

இறகுக் களம்தான் இப்போது ஊர்க் களம். அதில் நிர்வாகி விதுஷன் ஒருவன்தான். நிறைய எழுதுகிறவர்களுக்கு மென்பொருளே பட்டம் கொடுக்கும். ஒவ்வொரு நாளும் எழுதிக்கொள்ளும் கலாஜினியும் சர்மிலாவும் விரைவிலேயே "மூத்த உறுப்பினர்" ஆகிவிட்டார்கள். ஒரேயொரு தடவை எழுதிய பெரியப்பாவின் பெயருக்குக் கீழே "புதியவர்" என்று இருந்தது.

அதைக் கண்ட அன்றிலிருந்து அவர் தினமும் காலையில் நூலகத்துக்குப் போய், ஒற்றை விரலால் ஒரு கேள்வி எழுதிவிட்டு வருகிறார்: "கோழி நலமா?"