மங்கலச் சல்லடை

"ஏழாம் குழிக்கு அனுப்பினா அந்தப் புதுப்பிள்ளைங்க செத்துப்போவாங்க அண்ணாச்சி, நான் சொல்லுதது..."

"அதத்தான நானும் சொல்லுதேன், நல்லா இருப்பாங்கன்னு! பெறவு எதுக்கு இந்தச் சத்தம்?"

"செத்துப்போவாங்கங்கேன்!"

"நீ நல்லா இருப்பாங்கங்கே, நானும் ஆமாங்கேன். இதுல சண்டை எங்க இருக்கு, இசக்கி?"

நிலவின் தென்முனையில், வெயில் எட்டாத குழிகளில் பனிக்கட்டி வெட்டும் குடியிருப்பு அது. கத்திக்கொண்டிருந்தவள் தொழிலாளர் பிரதிநிதி இசக்கித்தாய். பதில் சொன்னவர் மேலாளர் வைகுண்டமணி. இருவரும் தூத்துக்குடிப் பக்கத்து மனிதர்கள்தான், பேசியதும் ஒரே தமிழ்தான். மேலாளர் செவிடரும் அல்லர், நடிக்கவும் இல்லை. அவர் காதில் மங்கலச் சல்லடை இருந்தது.

அரிசி மணி அளவுள்ள கருவி. நெடுந்தூரம் புறப்படுகிறவர் காதில் ஆகாத சொல் விழக்கூடாது என்று வீட்டார் பொருத்தி அனுப்புவார்கள். சாவு, நோய், ஆபத்து என்று யார் எதைச் சொன்னாலும், சொன்னவர் குரலிலேயே நல்ல வார்த்தையாக மாற்றிக் கொடுத்துவிடும். அரிசிப் பானை காலியானால் "நிறைஞ்சிருக்கு" என்று சொல்லும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது பெரிய விந்தையாகப் படவில்லை. வாய் செய்துவந்த வேலையைக் காது வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

இசக்கித்தாய்க்குக் காதில் சீழ் பிடித்ததால் போன வாரம் டாக்டர் ஜெசிந்தா அவளுடைய சல்லடையைக் கழற்றிவிட்டார். மறுநாள் அவளையும் அவளோடு குழியில் வேலை பார்த்த சுடலைமுத்துவையும் ஒன்றாக உட்கார வைத்துப் பரிசோதனை முடிவைச் சொன்னார்.

"ரெண்டு பேர் நுரையீரலும் புண்ணாயிருக்கு. வெளியே போட்ட உடையைக் கழற்றும்போது அதுல ஒட்டின நிலாத்தூளைச் சுவாசிச்சிருக்கீங்க. கண்ணாடிப் பொடி மாதிரி அது."

சுடலைமுத்து முகமெல்லாம் சிரிப்பாக இசக்கித்தாய் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா தங்கச்சி, நம்ம நுரையீரல் பூவா பூத்திருக்காம்லா!"

டாக்டர்கள் சல்லடை பொருத்திக்கொள்வதில்லை. தான் சொல்வது அவர்கள் காதில் எப்படி விழுகிறது என்று ஜெசிந்தா அன்றுதான் கண்டார். "எல்லாரும் இப்படித்தாம்மா சிரிச்சுட்டுப் போறாங்க. ரொம்பத் தைரியசாலிங்கன்னுல்ல நெனச்சேன்!"

அன்றிலிருந்து இசக்கித்தாய் ஓயவில்லை. நிலாச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது: வேலையில் உள்ள ஆபத்தை, தொழிலாளி இறங்குவதற்கு முன், அவருக்கு விளங்கும்படி முதலாளி சொல்லியாக வேண்டும். கம்பெனியும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால், பூமியிலிருந்து அனுப்பிய ஒலிப்பதிவை வைகுண்டமணி தலைக்கவசங்களில் ஓடவிடுவார். "கேட்டோம்" என்று எல்லாரும் குரல் கொடுப்பார்கள்.

"பலகையிலயும் எழுதிப் போட்டிருக்கே!" என்றார் வைகுண்டமணி இப்போது.

"போய்ப் பாருங்க. ஆயுத பூசைக்கு அப்புன சந்தனத்துல எழுத்து எங்க தெரியுது?"

ஒரு தாளை இழுத்து, பெரிதாக 'சாவு' என்று எழுதி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் பதறித் தாளைக் குப்புறக் கவிழ்த்தார். "பிள்ளைங்க இறங்குத நேரத்துல எழுதுத எழுத்தா இது? போ, கையைக் கழுவு." அவர் கண்ணில் கருவி எதுவும் கிடையாது. தேவைப்படவும் இல்லை.

அவள் வேறு வழி பார்த்தாள். "மேல போயிருவாங்க அண்ணாச்சி."

"மேலதான வந்திருக்கோம், கிறுக்கி!"

வெளியே புதியவர்கள் கவசங்களை மாட்டத் தொடங்கியிருந்தார்கள். இசக்கித்தாய், சுடலைமுத்து படுத்திருந்த மருத்துவ அறைக்கு ஓடினாள்.

"அண்ணே, எந்திரிங்க. மைக்குல பேசணும்."

"நான் என்னத்தப் பேச?"

"ஒண்ணும் பேசாண்டாம். கூட வாங்க, போதும்."

அந்த நடையே அவருக்குப் போதுமானதாக இருந்தது. மேலாளர் அறைக்கு வந்ததும் சுடலைமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரும ஆரம்பித்தார். இசக்கித்தாய் மைக்கின் விசையைத் தட்டினாள்.

சல்லடைக்குச் சொற்கள்தான் தெரியும். இருமல் சொல் அல்ல. உடைந்த சட்டியைச் சுரண்டுவது போன்ற அந்த ஓசை ஒவ்வொரு கவசத்துக்குள்ளும் அப்படியே போய் இறங்கியது. மாட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"யாரு அது? என்ன செய்யுது அவருக்கு?" என்று ஒரு குரல் கேட்டது.

"உடை மாத்துத ரூம்புல பறக்குதுல்லா, அந்தத் தூசி!" என்றாள் இசக்கித்தாய். அதில் ஆகாத சொல் எதுவும் இல்லாததால் சல்லடை தடுக்கவில்லை. "முகமூடி ஸ்டோர்ல சும்மா கெடக்கு. அது வராம ஒருத்தரும் இறங்காதீங்க!"

யாரும் இறங்கவில்லை. வைகுண்டமணி, சுடலைமுத்து வாயைத் துடைத்த துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் சிவப்பாக இருந்தது. பின்தொடர்ந்து ஓடிவந்திருந்த டாக்டர் பக்கம் மெல்லத் தலையைச் சாய்த்தார்.

"எடுத்துருங்க."

கழற்றிய பிறகு ஒலிப்பதிவை ஓடவிட்டு முழுக்கக் கேட்டார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"இதையா நான் தினமும் போட்டேன்?"

அன்று ஸ்டோர் திறந்தது. முகமூடிகள் வந்தன. குடியிருப்பு முழுவதும் டாக்டரின் இடுக்கி முன்னால் வரிசையில் நின்றது. ஏழாம் குழி காத்திருந்தது.

வேலையெல்லாம் ஓய்ந்தபின் இசக்கித்தாய் சொந்த ஊரான ஆத்தூரில் இருக்கும் அம்மாவுக்கு அழைப்புப் போட்டாள். பூமியிலிருந்து குரல் வந்துசேர ஒரு மூச்சு நேரம் பிடிக்கும்.

"காதுல போட்டுவிட்டது இருக்குல்லா? அதக் கழட்டிராத தாயி," என்றாள் அம்மா.

"இருக்கும்மா."

"என்ன சோலி இன்னைக்கு?"

"கம்பெனிக்காரங்ககூட ஒரு சண்டைம்மா. உள்ளத உள்ளபடி எங்ககிட்டச் சொல்லணும்னு நின்னு செயிச்சுட்டேன்."

"அப்படிப் போடு! எம்மவள்லா! உடம்பு எப்படி இருக்கு?"

"உடம்புக்கு என்னம்மா? பூவா பூத்துக் கெடக்கேன்."

சொல்லி முடிப்பதற்குள் நெஞ்சுக்குள் எதுவோ சுரண்டிக்கொண்டு ஏறியது. அவசரமாக மைக்கைக் கையால் பொத்தினாள். கொஞ்சம் பிந்திவிட்டது. ஒரு மூச்சு நேரம் கழிந்து, பூமியிலிருந்து குரல் வந்தது.

"ஏ தாயி... அது என்ன இருமல்?"