மோகனூர் வழியாகக் குடகு

குடகுக்குப் போகிற வழியில் மோகனூர் வராது. சேலத்தில் யாரைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். மேட்டூர் போய், மாதேஸ்வரன் மலை ஏறி இறங்கி, கொள்ளேகால், மைசூர், அப்புறம் மடிக்கேரி. மோகனூர் கிடப்பது வேறு திசையில், நாமக்கல்லையும் தாண்டிக் காவிரிக்கரையில். ஆனால் சண்முகப்பிரியாவின் போனில் வழிகாட்டும் வரைபடத்தின் நீலக்கோடு ஃபேர்லேண்ட்ஸில் அவர்கள் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு, தெற்கே இறங்கி, மோகனூரைத் தொட்டுவிட்டுத்தான் மலைக்கு ஏறியது.

அவள் அதை அழித்தாள். கோடு ஒழுங்காக மேட்டூர்ப் பக்கம் திரும்பியது. காய்ந்த துணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் மோகனூர்.

"ஏனுங்க, இதென்னங்க இப்பிடிக் காட்டுது?"

நவீன்குமார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். "போன மாசம் அங்கயே அலைஞ்சமல்ல, அதான் காட்டும். போனுக்கு என்ன தெரியும்? கெடக்குது உடு புள்ள. நான் போயி பாப்பாவுக்கு வாந்தி மாத்திரை வாங்கியாறேன்."

மலை ஏறினால் கயல்விழி வாந்தி எடுப்பாள். யூகேஜி படிக்கிறவளுக்கு முதல் நீண்ட பயணம். விடிகாலையில் கிளம்புவதாகத் திட்டம். பைக் சத்தம் தெருமுனை திரும்பி அடங்கியது.

போன மாதம் மோகனூருக்கு அலைந்தது பாவாயியின் சாவுக்கு. பாவாயி நவீன்குமாரின் அக்கா, சண்முகப்பிரியாவுக்கு நங்கையா. உண்மையில் இந்தப் பயணமே அந்த நங்கையா ஆரம்பித்துவைத்ததுதான். காப்பிச் செடி பூத்தால் மலை முழுக்க மல்லி வாசம் அடிக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து பொழுதன்றைக்கும் அதே பேச்சு. "தம்பி, காருல எனக்கும் ஒரு சீட்டுப் போட்டு வையி. நான் பாப்பா பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்று தம்பியிடம் சொல்லிச் சொல்லி வைத்தாள். கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போனவள் மார்வலி என்று வரப்பில் உட்கார்ந்தாள், எழவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு, அக்கா ஆசைப்பட்ட ஊர், பூ உதிர்வதற்குள் பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்று நவீன்குமார்தான் பிடிவாதமாக நின்றான்.

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுக் குக்கரின் விசிலும், தெருவில் காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கியும், குளியலறைக் குழாயின் சொட்டும், உள்ளறையில் தன் குட்டிப் பையில் பொம்மைகளை அடைத்துக்கொண்டு கயல் தனக்குத்தானே பேசுகிற முணுமுணுப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருக்க, அவற்றுக்கு நடுவே எங்கிருந்தென்று தெரியாமல் மல்லிகை வாசம் வந்தது. வீட்டில் பூ இல்லை. சாமி படத்துக்குக்கூட அன்றைக்குச் செவ்வரளிதான். வாசம் கமகமவென்று புதிதாகவும் இல்லை. நீர் தெளித்துத் தெளித்து வாடிய மாலையின் வாசம். அவள் குப்பைக்கூடையைத் திறந்து பார்த்தாள், செருப்பு அலமாரியைப் பார்த்தாள், தன் புடவைத் தலைப்பையே முகர்ந்து பார்த்தாள். இதென்ன கிறுக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

போன் அடித்தது.

"மேடம், மடிக்கேரி எஸ்டேட் பங்களாவுல இருந்து சண்முகவேல் பேசறேனுங்க. ரூம் மாத்தச் சொன்னீங்கல்ல, மாத்தியாச்சுங்க."

"நாங்க ஒண்ணும் மாத்தச் சொல்லலீங்களே?"

"உங்க ஊட்டு அம்மா ஒருத்தர் பேசுனாங்களே மேடம். நம்மூருப் பேச்சுத்தான். எனக்கும் திருச்செங்கோட்டுப் பக்கங்க, கேட்டதும் சந்தோசமாப் போச்சு. பாப்பாவுக்கு அத்தைன்னாங்க. பாப்பா எங்கூடத்தான் படுத்துக்கும், எங்க ரெண்டு பேத்துக்கும் கீழ தனியா ஒரு ரூம் குடுங்கன்னாங்க."

நவீன்குமாருக்கு ஒரே ஒரு அக்கா. கயலுக்கு ஒரே ஒரு அத்தை.

"அப்பறம் மேடம், ஒரு சந்தேகங்க. நீங்க திரும்பற அன்னிக்கு ரெண்டு பேத்துக்கு டிபன் கட்டுனாப் போதும்னாங்க. தம்பியும் அவம் பொண்டாட்டியும் மட்டுந்தான் திரும்புவாங்கன்னாங்க. அது சரிங்களா?"

"எந்த நம்பருங்க அது? எந்த நம்பர்ல இருந்து பேசுனாங்க?"

"ஆபீஸ் போனுக்கு வந்துச்சுங்க. நம்பரெல்லாம் தெரியாதுங்க மேடம். பின்னால ஒரே இரைச்சலு. ஆத்துத் தண்ணி போற மாதிரி."

"நாங்க வரலீங்க. எல்லாத்தையும் கேன்சல் பண்ணிருங்க. பணம் போனாப் போகட்டும்."

"நீங்க அப்பிடித்தான் சொல்லுவீங்கன்னும் அந்தம்மா சொன்னாங்க மேடம். ஆனா பாப்பா வாக்குக் குடுத்திருச்சு, வந்தே தீரும்னாங்க."

எந்த வாக்கு என்று அவளுக்குத் தெரியும். நவீன்குமாரிடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை.

இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. எழுந்து, யார் முகத்தையும் பாராமல், வந்த வழியே நடந்துவிட வேண்டும். அன்றைக்குக் கயலுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்ததால் எடுக்கிறவரைகூட இருக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தோளில் கிடந்த கயல் திரும்பி, நடுவாசலில் கிடத்தியிருந்த அத்தையைப் பார்த்துக் கையாட்டியது. "அத்த, நான் போறேன்."

பிள்ளை சரியாகத்தான் சொன்னது. அங்கே சொல்லியே ஆக வேண்டுமென்றால் அந்த ஒரு வார்த்தைதான் சொல்லலாம். ஆனால் பேச ஆரம்பித்த நாளிலிருந்து எந்த வீட்டு வாசலில் நின்று கயல் அப்படிச் சொன்னாலும் திருத்திப் பழகிய வாய் அல்லவா அது. அன்றைக்கு அவள் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"போறேன்னு சொல்லக் கூடாது சாமி. வாரேன்னு சொல்லோணும்."

கயல் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கணீரென்று சொன்னது. "அத்த, நான் வாரேன்."

ஒப்பாரி ஒரு கணம் நின்றது. கந்தம்மாள் என்கிற சொந்தக்காரக் கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அழுகை பழையபடி தொடர்ந்தது. சண்முகப்பிரியா காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். குழந்தை சொன்னதையெல்லாம் யார் கணக்கில் வைக்கப் போகிறார்கள் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

நவீன்குமாரை அழைத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. பைக்கில் வந்துகொண்டிருப்பான். வந்துவிடுவான். பெட்டியைப் பிரித்துத் துணியெல்லாம் பழையபடி பீரோவில் அடுக்கிவிட வேண்டும், கயலை இன்றைக்குத் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு படுக்க வேண்டும், நாளைக்கு முதல் வேலையாக எந்தக் கோயிலுக்காவது போய் மந்திரித்துவிட வேண்டும் என்று மளமளவென்று நினைத்துக்கொண்டே போனவள், நின்றாள்.

உள்ளறை முணுமுணுப்பு எப்போது நின்றது?

"கயல்?"

கரண்டு போனது. விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

"கயல்! கண்ணு!"

உள்ளறையில் யாருமில்லை. கட்டிலில் குட்டிப் பை இல்லை. குளியலறையில் இல்லை. மாடிப்படியில் இல்லை. மல்லிகை வாசம் மட்டும் இருந்தது, அவள் போகப் போக முன்னால் போய்க்கொண்டே. வாசல் கதவு திறந்துகிடந்தது.

போர்டிகோவில் கார், உள்விளக்கு எரிந்தபடி. கார் சாவி ஃபிரிட்ஜ் மேல் கூடையில் இருந்தது. அவள் ஓடிப் போய் எடுத்தாள். கூடை உருண்டது. கார் பூட்டியிருந்தது. பங்குனி வெக்கையில் தெருவே தகித்துக்கொண்டிருக்க, கார்க் கண்ணாடி முழுக்க ஐஸ் பெட்டியின் மேல் வேர்க்கிற மாதிரி வேர்த்து வழிந்தது. உள்ளங்கையால் துடைத்தாள். சில்லென்று எலும்புவரை ஏறியது.

பின்சீட்டில் கயல். பட்டுப்பாவாடை கட்டியிருந்தது. யார் கட்டிவிட்டது? பெல்ட் போட்டிருந்தது.

பக்கத்துச் சீட்டில் யாருமில்லை. அந்த பெல்ட்டும் போட்டிருந்தது. தொய்யவில்லை. சீட்டோடு ஒட்டவும் இல்லை. ஒரு பருத்த மாரின் மேல் குறுக்கே கிடப்பதுபோல முன்னுக்குப் புடைத்து, இறுகி, மெல்ல ஏறி இறங்கியது.

சாவியை அழுத்தினாள். பூட்டு திறந்தது. உடனே மூடியது. அழுத்தினாள். திறந்தது. மூடியது.

"கதவத் தொற சாமி! அம்மா வந்துட்டேன் பாரு! கதவத் தொற!"

கயல் அவளைப் பார்த்துச் சிரித்தது. கண்ணாடிக்குள்ளிருந்து குரல் வெகுதூரத்தில் கேட்டது.

"அம்மா, நான் போறேன்."

"அப்பிடிச் சொல்லாத! வாரேன்னு சொல்லு கண்ணு, வாரேன்னு—"

வாய் அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சீட்டில் இருப்பவளுக்கும் அது கேட்கும். ஐயோ, எதைச் சொல்லச் சொல்லுவாள்? எந்த வார்த்தையை?

அவள் கண்ணாடியில் தலையை முட்டினாள். முஷ்டியால் குத்தினாள். தெருவில் யாரும் திரும்பவில்லை. காய்கறி வண்டி அதன் பாட்டுக்குத் தக்காளி விலையைச் சொல்லிக்கொண்டு போனது.

உள்ளே, யாரோ சொன்னதைக் கேட்டதுபோல, கயல் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து சமர்த்தாகத் தலையைக் குனிந்தது. விரித்துக் கிடந்த முடி எழுந்தது. தானாகவே மூன்றாகப் பிரிந்தது. ஒரு புரி மேலே, ஒரு புரி கீழே. இறுக்கமாக, ஒரு பிசிறு இல்லாமல், ஊருக்குக் கிளம்புகிற பிள்ளைக்குப் பின்னுகிற மாதிரி. கயலின் தலை ஒவ்வோர் இழுப்புக்கும் லேசாகப் பின்னால் சாய்ந்து வந்தது. பின்னல் கழுத்தைத் தாண்டியது. முதுகைத் தாண்டியது. சீட்டில் கிடந்த சிவப்பு ரிப்பன் மெதுவாக மேலே எழுந்தது.