எதிரெதிரே இரண்டு கப்பல்கள்

உயிலங்குளத்தில் பஸ் பழுதாகி நின்றதும் மழை பிடித்துக்கொண்டது. றெபேக்கா எதிரே தெரிந்த வீட்டு வாசலுக்கு ஓடினாள். வெயிலுக்கு வைத்த ஊறுகாய்ச் சாடியை அணைத்துக்கொண்டு அங்கே ஒருவனும் ஓடி வந்தான்...

மோதல்! சாடி தப்பியது. அவளுடைய வெள்ளைச் சட்டை தப்பவில்லை.

"கண் தெரியாதோ?"

கேட்டபடி நிமிர்ந்தாள். மழைத்துளி தங்கிய இமைகள்... சிரிப்பை அடக்கும் கண்கள்... சட்டென்று பார்வையைச் சாடிக்கு இறக்கினாள். பளபளக்கும் வெள்ளையில், நீலத்தில் ஒரு பாய்க்கப்பல்!

"இது எங்கட ஊர், அரிப்பு மாதா கோயில் பூச்சாடி!"

"சட்டைக்குப் பதிலாச் சாடியையே கேக்கிறியளோ?"

அவன் தாய் மங்கையற்கரசி எட்டிப் பார்த்தார். "பகிடியை விடு கிருஷாந்தன். சண்டைக்குள்ள ஓடேக்க ஒரு பிள்ளைத்தாய்ச்சி இதைத் தந்திட்டுப் போனவ, தங்கச்சி. திரும்பி வாறன் எண்டவ..."

"அது எங்கட அம்மா! எந்த வீடெண்டு அவவுக்கு ஞாபகமில்லை..."

ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், காலத்துச் சோடி அது. மற்றது முகாம் முகாமாக அவர்களோடு அலைந்து ஊர் திரும்பிவிட்டது. மீள்குடியேறிய பின் வரும் முதல் திருநாளில் இரண்டையும் மாதாவின் இருபுறமும் பார்க்கவேண்டும்... அம்மாவின் ஒரே ஆசை.

"ஆனா... இதுக்குள்ள ஊறுகாயோ?"

"ஒல்லாந்தர் என்னத்தைப் போட்டவையாம்?"

"பூ!"

"பாவம், சோத்துக்கு என்ன செய்தவையோ..."

சிரிப்பு வந்தது. செய்தி சொல்ல அழைத்தபோது, கோயிலைப் பராமரிக்கும் அப்பா யாகப்பரின் குரல் தொலைபேசியில் அதை அணைத்தது. "ஊறுகாய் போட்டதை மாதாவுக்கு முன்னால வைக்க ஏலாது, பிள்ளை."

அவள் வெறுங்கையோடு அடுத்த பஸ்ஸில் ஏறினாள். கண்கள் மட்டும் திரும்பித் திரும்பி...

திருநாளுக்கு முதல்நாள், அரிப்புக் கோயில் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. கழுவித் துடைத்த சாடியோடு கிருஷாந்தன்! யாகப்பர் வாய் திறக்குமுன் அதில் கிணற்றுத் தண்ணீர் வார்த்து மடமடவென்று குடித்தான்.

"மேல இருக்கிறது கண்ணாடிப் பூச்சு ஐயா. உப்போ புளியோ உள்ள இறங்காது. அதுதான் அம்மா இதில போட்டவ. நீங்களும் குடிச்சுப் பாருங்கோ."

யாகப்பர் மோந்து பார்த்தார். ஒரு மிடறு குடித்தார்.

"தண்ணிதான்," என்றார். பிறகு தன் கையாலேயே அதைப் பீடத்தில் வைத்தார். இருபுறமும் இரண்டு கப்பல்கள், ஒன்றையொன்று பார்த்தபடி. றெபேக்காவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

வாசல்வரை றெபேக்கா கூடவே வந்தாள்.

"சாடி வந்திட்டுது. இனி இஞ்ச வர எனக்கு ஒரு சாட்டும் இல்லை..." என்றான் அவன்.

"என்னைப் பாக்க வாங்கோ..." சொல்லிவிட்டாள்! முகம் சிவந்தது. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

"எனக்கு அண்டைக்கே... அந்த மழைக்குள்ளயே, றெபேக்கா."

"அப்ப... வரேக்க ஊறுகாயும் கொண்டு வாங்கோ."